பலிப் பங்கு

எருசலேம் ஆலயத்தின் முற்றத்தில் வெயில் ஏறுகிறது. பலியிட்ட ஆட்டின் வெந்த தொடைக்கறி அத்தூஸின் இரு கைகளிலும் சுடுகிறது. கொழுப்பு முழங்கைவரை வழிகிறது. பலியிடும் ஆசாரியர் குடும்பங்களுக்கு மட்டுமே உரிய பங்கு அது. அந்த ரத்தத்தில் பிறந்த குழந்தைகளும் தின்னலாம். வேறு யார் வாயில் பட்டாலும் கர்த்தர் சும்மா விடமாட்டார். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தபின் அவனுக்கு இதுதான் முதல் பங்கு.

"வம்சத்தைச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போப்பா," என்கிறார் பங்கு பிரிக்கும் பெத்தகியா. "உங்கப்பா பேரு?"

"மல்லூக்."

"அவருக்கு அப்பா?"

அத்தூஸ் கறியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். தாத்தா பணக்கார வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய், மாமனாரின் வம்சப் பெயரையே தனதாக்கிக்கொண்டவர். அந்த மாமனார் ஆசாரியர் இல்லை. தாத்தாவின் சொந்த வம்சம் எதுவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"என்னப்பா, தாத்தாவ பாபிலோன்லயே விட்டுட்டு வந்துட்டியா?" பெத்தகியா கேட்க, வரிசையில் சிரிப்பு கிளம்புகிறது.

"யாக்கீன். ஆசாரியர் யாக்கீன்." வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பொய் வெளியே வந்துவிடுகிறது.

பெத்தகியா தலையசைக்கிறார். அப்போது, பக்கத்தில் நிற்கும் மகள் யெமீமாள் எக்கி, அப்பாவின் முழங்கையில் வழியும் கொழுப்பை நக்குகிறாள். நெருப்புப் பட்டதுபோல் அத்தூஸ் கையை வெடுக்கென்று இழுக்கிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது. குழந்தை ஒன்றும் புரியாமல் உதட்டைப் பிதுக்குகிறாள். உதட்டில் ஒரு துளி மினுங்குகிறது.

பெத்தகியா அவன் முகத்தையும் குழந்தையின் உதட்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு தட்டை நீட்டுகிறார்.

"கறிய இதுல வச்சிரு." குரல் தாழ்ந்திருக்கிறது. "வச்சிட்டு, மொதல்ல புள்ள வாயத் தொடச்சு விடு."