பாட்டு நிற்கக் கூடாது

நெவாடா மலையடிவாரத்தில், காருக்கு ரேடியோ மாட்டும் கடை என்னுடையது. வெர்னனின் பச்சை ஸ்போர்ட்ஸ் காரை அன்று ஓட்டி வந்தது அவர் மனைவி டார்லீன்.

“சாட்டிலைட் ரேடியோ மாட்டணும், லைல். அவருக்குப் பிறந்தநாள் பரிசு.”

“யாருக்கு, வெர்னனுக்கா? காரோட வந்த ரேடியோவையே கழட்டி வீசின மனுஷன் மேடம்! இன்ஜின் சத்தம்தான் சங்கீதம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. எங்கயாவது லேசா கடகடன்னாலே வண்டிய ஓரங்கட்டிடுவாரே.”

“தெரியும். அந்தக் காது என் பேச்சைத் தவிர எல்லாத்தையும் கேக்கும்.” சிரித்தாள். “நாளைக்கு மலைப்பாதையில போறாரு. நான் ஆசையா வாங்கித் தந்ததாச்சே, நாளைக்கு ஒருநாளாவது போட்டுக்கிட்டு ஓட்டுவாரு.”

“மலையில சாதா ரேடியோ கொரகொரன்னு அறுந்துடும். இது வானத்துலேர்ந்து வர்றது, நிக்காது.”

“நிக்கவே கூடாது. ஸ்பீக்கரும் பெருசாப் போடுப்பா.”

மாட்டி முடித்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருமுனை வரை ஓட்டிக் காட்டினேன். பாட்டு பிரமாதம். திரும்பும்போது ரேடியோவை அணைத்தேன். அப்போதுதான் கேட்டது. முன்பக்க இடது சக்கரத்தில் டக், டக், டக்.

வண்டியை நிறுத்தினேன். “மேடம், வீல் நட்டு லூசா இருக்கும்போல. இறங்கி முறுக்கிடறேன், ரெண்டே நிமிஷம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“மெதுவா உருட்டறேன், நல்லாக் கேளுங்க.”

அவள் கை நீண்டு ரேடியோவைப் போட்டது. குமிழைக் கடைசிவரை திருகியது. சிவப்பு நகங்களுக்கு அடியில் கருப்பாகக் கிரீஸ்.

என் காதருகே குனிந்தாள்.

“இப்பக் கேக்குதா, லைல்?”