ரொட்டிக்காரரின் விசில்

மறுபடியும் ரொட்டிக்காரர் எலாதியோவின் பேக்கரி வாசலிலிருந்துதான் விசில் கேட்டது.

நொயெமி பீன்ஸ் கொதிக்கிற அடுப்பை அப்படியே அணைத்துவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

சிகாகோ இருபத்தாறாம் தெருவில் இப்போது எல்லார் கழுத்திலும் ஒரு விசில் தொங்குகிறது. பேப்பர் இல்லாமல் குடியிருக்கிற வெளிநாட்டாரைப் பிடிக்கிற குடியேற்றப் போலீஸின் வண்டியைக் கண்டால் ஊத வேண்டும். காதில் விழுந்தவர்கள் போட்டது போட்டபடி வந்து கூட வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் ஆளை இழுத்துக்கொண்டு போவது அவர்களுக்கும் லேசில்லை.

போன மாதம் இதை எதிர்த்துப் போன ஊர்வலத்தைக் கண்ணீர்ப்புகை போட்டுக் கலைத்தார்கள். இன்னும் ஆட்களை அனுப்பப்போவதாக அரசாங்கம் டிவியில் சொன்னது. அன்றிலிருந்து தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒற்றை ஆளாக நடந்தால் தூரத்திலேயே தெரியும். விசிலுக்கு மட்டும்தான் கதவு திறக்கிறது.

இன்றும் திறந்தது. பேக்கரிக்கும் எதிரே இருக்கிற கிளினிக்குக்கும் நடுவே தெருவை அடைத்துக்கொண்டு ஜனம் கூடிவிட்டது. வண்டியைத்தான் காணோம். மூன்றாவது வாரமாக இதே கதை.

"வெள்ளை வண்டி. அந்தப் பக்கமா திரும்பிடுச்சு போல" என்றார் எலாதியோ, யார் முகத்தையும் பார்க்காமல்.

போன வாரம் வந்தவர்கள் காபியும் சர்க்கரை ரொட்டியும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

"கல்லா காஞ்சா விசில் ஊதிடறாரு" என்றான் முடிவெட்டுகிற ஃபெர்மின். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நொயெமிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை அவள். ஆனால் அவள் புருஷன் பக்கத்துத் தெருவில் கார் கழுவுகிறான். நாளைக்கு அவனுக்காக யாராவது நிஜமாகவே ஊதும்போது, 'ரொட்டிக்காரர் வேலை' என்று எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால்?

பேக்கரி மாடியை அண்ணாந்து பார்த்தாள். அங்கே குடியிருக்கும் துல்சேயின் புருஷனைப் போன மாதம் வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. துல்சே நிறைமாதக்காரி. அதற்கப்புறம் அவள் தெருவில் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

நொயெமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மேல ஒருத்தி வயித்தைத் தள்ளிக்கிட்டுத் தனியா கெடக்கா. ஒவ்வொரு தடவையும் இந்தச் சத்தம் கேட்டா அவளுக்கு எப்படி இருக்கும்? யாவாரத்துக்கு வேற வழியா இல்ல உங்களுக்கு?"

எலாதியோ மாவு படிந்த கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அந்த விசிலைக் குடுங்க. இனி நீங்க ஊத வேணாம்."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் வீட்டுப் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"விசிலை வெச்சுக்க மகளே. திட்டறதை மட்டும் நிறுத்தாதே. கூட்டம் கலைஞ்சிடும். துல்சே இன்னும் கிளினிக்குக்குள்ள போய்ச் சேரலை."

நொயெமி மெல்லத் திரும்பினாள். நெருக்கி நின்ற முதுகுகளுக்கு நடுவே ஒரு நீலச் சால்வை, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, அடிமேல் அடியாக நகர்ந்துகொண்டிருந்தது.

நொயெமி தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, திட்ட ஆரம்பித்தாள்.