நல்ல தண்ணீர்க் கிணறு

வெள்ளி மூக்குப்பேணியை எடுத்துக் கழுவு என்று ஆழ்வாப்பிள்ளை சொன்னதும் ஞானாம்பிகை புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். சீதனமாக வந்த அந்தத் தண்ணீர்ப் பாத்திரம் சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும்தான் அலுமாரியை விட்டு இறங்கும். இன்றைக்கு அது ஒரு ஜேர்மன்காரிக்காக இறங்கியது.

ஹெல்கா என்று பெயர். ஊர் ஊராகப் போய், சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துப் புத்தகம் எழுதுகிறவளாம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை; வெள்ளைக்காரர் யாழ்ப்பாணப் பக்கம் தலைவைத்தும் படுக்காத நேரம். அரியாலையில் இத்தனை வீடிருக்க, இந்த வளவின் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறாள் என்றதும் ஓய்வுபெற்ற பிறக்கிராசியான ஆழ்வாப்பிள்ளையின் நாலு முழ வேட்டி எட்டு முழமாகிவிட்டது. கோடு கச்சேரியில் நாற்பது வருடம் வாதாடிச் சேர்த்த பெருமை போதாதென்று, தன் வீடு படத்துடன் ஒரு புத்தகத்தில் வரவேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது.

மொழிபெயர்க்க வந்த செபநாயகத்தை மட்டும் படலையிலேயே மறித்தார். எவ்விடம், தகப்பன் யார், தாயின் ஊர் எது என்று துருவினார். குருநகர் என்று பதில் வந்ததும் சாதி பிடிபட்டு, விசாரணை முடிந்தது. அவனுக்கு விறாந்தை ஓரத்தில் குந்த ஒரு வாங்கும், கண்ணாடித் தம்ளரில் தேத்தண்ணீரும் கிடைத்தன.

ஹெல்காவிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீதியால் போகிற தபாற்காரனின் பூட்டன் வரைக்கும் விசாரிக்கிற மனிதருக்கு, வெள்ளைத் தோலைக் கண்டதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுவாமி அறைக்குள்ளும் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். பிறகு எல்லோருமாகக் கிணற்றடிக்குப் போனார்கள்.

கடல் கிட்ட என்பதால் இந்தச் சுற்றாடலில் எங்கே தோண்டினாலும் உவர்தான் என்றும், தன் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர் என்றும் ஆழ்வாப்பிள்ளை விளக்கினார். நாளைக்கு அம்மன் கோயில் கொடியேற்றம். அபிஷேகத்துக்கு இங்கேயிருந்துதான் தண்ணீர் போகும். அதைச் சொல்லும்போது அம்மனே அவருடைய கட்சிக்காரி மாதிரி இருந்தது.

பின்வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஓலை விலகிய ஒரு பொட்டு. அதற்கு அப்பால் பின்வளவுப் பூரணமும் வேறு இரண்டு பெண்களும் விடியற்காலையிலிருந்து வெறுங்குடத்தோடு நின்றார்கள். அவர்கள் கிணற்றுத் துலாவைத் தொடக்கூடாது. இந்த வீட்டார் அள்ளி ஊற்றினால்தான் உண்டு. விருந்தாளி வந்த சந்தோசப் புழுகத்தில் இன்றைக்கு ஊற்ற ஆளில்லை.

"நயினார், பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணியில்லை" என்றாள் பூரணம்.

"நில்லுங்கடி, துரைசானி போகட்டும்."

அவர்களே ஏன் அள்ளக்கூடாது என்று ஹெல்கா செபநாயகம் மூலம் கேட்டாள். இரப்பவருக்கு நாங்களே எங்கள் கையால் வார்ப்பதுதான் எங்கள் பண்பாடு என்று கூசாமல் சொன்னார் பிறக்கிராசி. கூண்டில் ஏறிய எத்தனையோ பொய்களுக்குக் கோட்டுப் போட்டு அனுப்பிப் பழகியவர்தானே. பிறகு செபநாயகத்தின் பக்கம் சரிந்தார்.

"இதை அவவுக்குச் சொல்லாதை, தம்பி. பதினைஞ்சு வருசத்துக்கு முன்னம் உந்தப் பின்வளவு ஏரம்புவின்ரை மூத்தவன் தானே வாளியை விட்டு அள்ளிக் குடிச்சிட்டான். ஆளைத் தென்னையிலை கட்டி அடிச்சம். பிறகு மூண்டு நாள் கிணத்தை இறைச்சுத்தான் தீட்டுக் கழிச்சது."

"அவர் இப்ப எங்கை?"

"ஆருக்குத் தெரியும்? அண்டைக்கு ஓடின நாய்."

செபநாயகம் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் ஹெல்காவின் பென்சில் கொப்பியில் விறுவிறென்று ஓடியது. கிணற்றைப் படம் கீறுகிறாளாக்கும் என்று ஆழ்வாப்பிள்ளை சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

தானும் ஒருதரம் அள்ளிப் பார்க்கலாமா என்று அவள் செபநாயகம் மூலம் கேட்டபோது அவருக்கு மறுக்கத் தோன்றவேயில்லை. வெள்ளைக்காரியின் கை பட்டால் துலாவுக்கே ஒரு மதிப்பல்லவா? அவளுடைய கமராவை வாங்கிச் செபநாயகத்திடம் கொடுத்து, தன்னையும் சேர்த்துப் படமெடுக்கச் சொன்னார்.

ஹெல்கா பழகியவள்போலத் துலாவைப் பதித்து அள்ளினாள். முதல் மூன்று வாளியும் வேலியடிக்குப் போய், மூன்று குடங்களும் நிரம்பின. அதையும் படமெடு என்றார் ஆழ்வாப்பிள்ளை. நாலாவது வாளியில் தான் கையேந்திக் குடித்துவிட்டு, மிச்சத்தை ஞானாம்பிகை கொண்டுவந்த மூக்குப்பேணியில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார். பேணியை வாங்கி ஞானாம்பிகையும் குடித்தாள். விருந்தாளி கையால் வாங்கிக் குடித்ததும் புத்தகத்தில் வந்தால் நல்லது என்று பிறக்கிராசி கணக்குப் போட்டார்.

ஹெல்கா கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். இம்முறை அவள் செபநாயகத்தைப் பார்க்கவில்லை. தமிழிலேயே கதைத்தாள், அதுவும் வேலிக்கு அந்தப் பக்கத்துத் தமிழில்.

"நீங்கள் தென்னையிலை கட்டி அடிச்ச ஆள்தான் என்ரை மனுசன். ஏரம்பு என்ரை மாமா."

ஆழ்வாப்பிள்ளையின் கை தன்பாட்டில் வாயைத் துடைத்தது. உள்ளே போனதை எந்தச் சால்வையால் துடைப்பது? வேலிக்கப்பால் பூரணம் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, போகாமல் நின்று வேடிக்கை பார்த்தாள்.

ஹெல்கா துலாக்கயிற்றை அவருடைய கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் கொடியேற்றம், நயினார். இறைச்சு முடிக்க நேரம் காணுமோ?"