பங்காளி இலை

"இலையில வச்ச கறியைத் தொடாம உட்கார்ந்திருந்தா என்னடா அர்த்தம்?"

உக்கிரபாண்டி போட்ட சத்தத்தில் பந்தியே நிமிர்ந்து பார்த்தது.

அவனியாபுரத்துக்கு வெளியே, கோயில் வேப்பமரத்தடியில் கிடா விருந்து. உக்கிரபாண்டிக்கு ரெண்டு கிட்னியும் பழுதாகி வருஷம் ஒன்று ஓடிவிட்டது. டயாலிசிஸ்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாற்றுக் கிட்னி கிடைக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு வெட்டிய கிடா இது. நேர்ந்துகொண்டவரின் கூடப்பிறந்தவன் முதல் இலையில் உட்கார்ந்து வயிறாரத் தின்று எழுந்தால்தான் நேர்த்தி நிறைவேறும் என்பது அவர்கள் வழக்கம்.

அந்தக் கூடப்பிறந்தவன் அழகுமலை. குவைத்திலிருந்து வந்து ஆறு மாசமாகிறது. கறியை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மகராசன் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தான்!

"மாப்ள, குவைத்துல பத்துக்கு நாலு பேரு குண்டாமே, போன்ல போட்டிருக்கான்" என்று வம்புக்கு இழுத்தார் பக்கத்து இலைக்காரர் முத்துக்குமரன். "டோங்கான்னு ஒரு தீவாம், அங்க பத்துக்கு ஏழு பேராம். நம்ம நாட்டுல ஒருத்தன் தேறுறதே பெரும்பாடாம். அந்த ஒருத்தன் நீதான் போல!"

"அங்க நான் ஒல்லி மச்சான். நம்ம ஏர்போர்ட்ல வந்து இறங்குனதும்தான் குண்டாயிட்டேன்."

பந்தி சிரித்தது. உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த புதிதில், தன் கிட்னி அண்ணனுக்குப் பொருந்துமா என்று அழகுமலை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தான். "டாக்டரு முடியாதுன்னுட்டாருண்ணே" என்று ஒரே வார்த்தை. அதோடு சரி. மறுநாளே ஷூ மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டான். இங்கே ஒருத்தன் ஊசி குத்திக் குத்திக் கை புண்ணாகிக் கிடக்கிறான், அவனுக்கு உடம்பு அழகு கேட்கிறது. நினைக்க நினைக்க உக்கிரபாண்டிக்கு வயிறு எரிந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இன்னொரு நாளைக்குச் சாப்பிடுறேன்."

"இன்னொரு நாளா? அன்னைக்கு நான் இருப்பனா? இதைத் தொட்டு நக்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலை. எனக்காக நீ ரெண்டு துண்டு தின்னா உன் அழகு கரைஞ்சு போயிருமோ? கிட்னிதான் குடுக்கலை, என் நேர்த்தியையுமாடா கெடுக்கணும்?"

பரிமாறியவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி, உக்கிரபாண்டியே அள்ளி அள்ளிப் போட்டார். குழம்பு இலையை விட்டு வழிந்து ஓடியது.

"தின்னு! இல்லேன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிரு. நான் செத்தாக்கூட என் வாசலை மிதிக்காதே."

அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

"வேணாம் தம்பி!"

ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள் முருகம்மாள், உக்கிரபாண்டியின் மனைவி.

"நீயும் அவன் பக்கமாடி?" என்று பாய்ந்தார் உக்கிரபாண்டி.

"அண்ணி, சொல்லாதீங்க" என்றான் அழகுமலை.

"போதும் தம்பி. இதுக்கு மேல என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது." முருகம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆகாமப் போயிட்டா உங்க மனசு விட்டுப் போயிரும்னுதாங்க இவரு சொல்லவே இல்ல. கிட்னி பொருந்துது. இம்புட்டு உடம்பை வச்சுக்கிட்டுக் குடுக்க முடியாதுன்னுதான் டாக்டரு சொன்னாரு. அதுக்குத்தான் ஆறு மாசமா வாயைக் கட்டிக் கிடக்காரு. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில எடை பார்க்கப் போறாங்க. இன்னும் அரைக் கிலோ குறைஞ்சிருந்தாத்தான், உங்களுக்கு ஆபரேஷன் தேதி குறிப்பாங்க!"