ஒளித்து வைத்த தப்பு

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தாலும் பயமில்லை. பொங்குவதற்குள் முடிந்துவிடுகிற கதைதான்.

கட்டிலில் ஒரு பொம்மை. நோயாளி உடுப்புப் போட்ட, ஆள் உயர ரப்பர் பொம்மை.

கட்டிலைச் சுற்றி நர்ஸ் படிப்புப் படிக்கிற பிள்ளைகள். தலைமாட்டில் நம் கதையின் நாயகி.

இருபது வருஷம் வார்டில் நின்று பழகியவள். இப்போது, நர்ஸுகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர் ஆவதற்குப் படிக்கிறாள். இன்றைக்குப் பரீட்சை. தேர்வாளர் அம்மா முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

வார்டில் அவளுக்குப் 'பட்டாளம்' என்று பேர். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் பெரிய டாக்டரே சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். அவளை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்ட ஆள் கிடையாது.

அங்கேதான் இடித்தது.

அந்தப் பாடத்தில் டீச்சர் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்து வைக்க வேண்டும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து அவளை நிறுத்த வேண்டும். பெரியவர்கள் தப்புச் செய்யும்போது வாயை மூடிக்கொண்டிருக்கிற நர்ஸால் நோயாளிக்கு ஆபத்து அல்லவா, அதற்காக வைத்த முறை.

போன பரீட்சையில் தப்பைச் செய்துவிட்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு பிள்ளையும் மூச்சு விடவில்லை.

"உங்களுக்கு எல்லாம் தெரியுதும்மா. ஆனா உங்களப் பாத்தா அதுங்களுக்குத் தெரிஞ்சதும் மறந்துபோவுது," என்று சொல்லி ஃபெயிலாக்கிவிட்டார் தேர்வாளர் அம்மா.

இன்றும் யாரும் வாயைத் திறக்காவிட்டால் டீச்சர் வேலை அவளுக்கு இல்லை.

"ஒரு தப்பு வச்சிருக்கேன். பாத்ததும் என்னை நிறுத்தணும்," என்றாள் பிள்ளைகளிடம். "கடிக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அது என்ன தப்பு என்று உங்களுக்கும் இப்போது சொல்லப்போவதில்லை. நீங்களும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

கை கழுவினாள். பொம்மையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பேரைப் படித்தாள். மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தாள். கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கி, குத்தும் இடத்தைத் துடைத்து, ஊசி போட்டாள். பிசிறில்லாத வேலை.

ஊசியை உருவினாள். இடது கை, தட்டில் கிடந்த மூடியை எடுத்து ஊசி முனையிடம் கொண்டுபோனது.

பின்வரிசையில் ஒரு பெண் அசைந்தாள். நகம் வளர்த்ததற்காக நேற்றுத்தான் பட்டாளத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருடி. நேத்து வாங்கினது பத்தலையா?"

"மேடம், நில்லுங்க." குரல் நடுங்கியது, நின்றுவிடவில்லை. "மூடியத் திருப்பிப் போடக் கூடாது. கையில குத்திரும். அப்படியே பழைய ஊசிப் பெட்டிக்குள்ள போட்டுரணும்."

பட்டாளத்தின் கை அந்தரத்தில் நின்றது.

தேர்வாளர் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மடியில் இருந்த தாளில் மளமளவென்று எழுதினார். "பிரமாதம்மா. வேணும்னு பண்ற மாதிரியே தெரியல எனக்கு. பாஸ்."

ஒரு தலையாட்டல் போதும், டீச்சர் வேலை அவளுக்கு. சும்மா நின்றால்கூடப் போதும்.

அவள் ஊசியைப் பெட்டிக்குள் போட்டாள்.

"வேணும்னு பண்ணலைங்க," என்றாள். "நெசமாவே மூட இருந்தேன். அவசரத்துல மூடி மூடிப் பழகின கை. வாய் ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லும், கை அதைக் கேட்டதில்ல போலிருக்கு. நான் ஒளிச்சு வச்ச தப்பு இன்னும் வரவே இல்ல."

தேர்வாளர் அம்மாவின் சிரிப்பு நின்றது. எழுதியதன் மேல் பேனா ஒரு கோடு இழுத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? கேட்டது. ஆனால் அவள் பார்த்தது பின்வரிசையை. அந்தப் பெண், ஏதோ கேடு செய்துவிட்டவள் போல முகம் வெளுத்து நின்றாள்.

"என் கையக் காப்பாத்தினது நீதாம்மா," என்றாள் பட்டாளம். "ஆனா நாளைக்கு அந்த நகத்தோட வந்தா மறுபடியும் திட்டுவேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் அந்தப் பெண்ணே.

"பாடம் முடியல. பாருங்க."

பொம்மைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் கதவைப் பார்த்து நடந்தாள்.

இரண்டு அடிகூட வைத்திருக்கமாட்டாள்.

"மேடம், கம்பி."

"பக்கக் கம்பிய ஏத்தாமப் போறீங்க மேடம்."

"ஆளு உருண்டு விழுந்துருவாங்க."

ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். எல்லாரையும் மிஞ்சி உரக்கக் கேட்டது, தோழியை 'சும்மா இருடி' என்று இழுத்தவளின் குரல்தான்.

பட்டாளத்தை இத்தனை பேர் சேர்ந்து அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் தட்டோடு அப்படியே நின்று, ஒவ்வொரு குரலாகக் கேட்டுக்கொண்டாள். பின்னால் பேனா மறுபடியும் எழுதத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் ஆகிவிட்டோம் என்பது, பேனா எழுதுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவ்வளவுதான், தங்கங்களே. பெரியவர்களின் கை தவறும்போது 'நில்லுங்க' என்று சொல்ல உங்கள் வீட்டில் ஒரு சின்ன வாய் இருக்கட்டும். அதைக் கேட்டு நிற்கிற பெரியவர்களும் இருக்கட்டும். நோய்நொடி அண்டாமல் குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.