சாய்கோடு

"புரோகிராம் அட்டை ஆயிரத்து இருநூறு. மாடியிலிருந்து கொட்டினேன். கைக்கு வந்தபடி பொறுக்கினேன். ஒண்ணுகூட வரிசை மாறலை," என்றார் அந்தக் காலக் கம்ப்யூட்டர்காரர் தேவசகாயம்.

முதல் தலைமுறைக் கம்ப்யூட்டர்காரர்களைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. இருந்த காசுக்கு ஒரு கல்யாண மண்டபமும் பிளைவுட் கம்ப்யூட்டரும்தான் கிடைத்திருந்தன. இயக்குநர் நிவேதிதாவுக்குக் கதை பிடித்துவிட்டது. ஆனால் அட்டைக்கு ஒரு வரியாக அந்தப் புரோகிராமைத் துளை போட்டுக் கொடுத்த குமுதவேணி, அது நடந்ததுதான் என்று ஒப்புக்கொண்டால்தான் காட்சி என்றுவிட்டாள். தேவசகாயம் சினிமாவில் முகம் காட்ட இருந்ததே அந்த ஒரு காட்சிதான்.

"நான் அன்னிக்கு லீவு. அதனால எது வேணா நடந்திருக்கும்," என்றார் குமுதவேணி. பிளைவுட் கம்ப்யூட்டர்மேல் இருந்த அட்டைக்கட்டை எடுத்து, அதன் விளிம்பில் சாய்வாக ஒரு மைக்கோடு இழுத்தார். கட்டு சிதறினால் கோடு சேரும்படி அடுக்கிக்கொள்ள அந்தக் காலத்தில் எல்லோரும் இழுப்பார்கள். அதைக் கோழைகளின் வழக்கம் என்று சொல்லித் திரிந்தவர் தேவசகாயம் ஒருவர்தான்.

"இப்பக் கொட்டுங்க சார்."

கொட்டினார். மண்டபத்துப் படிக்கட்டு முழுக்க அட்டை. மேலே பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டே பொறுக்கி, தட்டி நேராக்கி நீட்டினார்.

குமுதவேணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். கோடு எங்கும் உடையவில்லை.

"மேடம், கேமரா போட மறந்துட்டேன்," என்றான் ஒளிப்பதிவாளன்.



"அதனால என்ன," என்றார் குமுதவேணி. "நடந்துச்சு. நான் சொல்றேன்ல?"