கரவனுக்கு வரும் தண்ணீர்

கடல் கடந்த ரானுயியில் குளிர்காலப் பின்னேர வெயில் வேலியை விட்டு இறங்குகிறது. தான் வாடகைக்கு இருக்கும் கரவன் எனும் சக்கர வீட்டுக்குத் தண்ணீர் வரும் ஹோஸில் திலக்சன் பழைய துவாய்களைச் சுற்றுகிறான். நேற்றுச் சுற்றாமல் விட்டதில், விடியற்காலை அதற்குள் தண்ணீர் கட்டியாகிக் கிடந்தது. படியில் சாத்திய போனுக்குள், யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருக்கும் மனைவி கஜந்தினி விசிறிக்கொண்டிருக்கிறாள். “தண்ணியும் விறைக்குமோ அங்க?” “ஓம். பைப்பையும் சொட்டச் சொட்ட விடோணும்.” பைப்புக்கு ஒரு முழம் இருக்கையில் துவாய்கள் முடிந்துவிடுகின்றன. உள்ளே போய், இரண்டு குளிர்காலமாக விலைத்துண்டோடு தொங்கும் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துவருகிறான். ஹோஸைச் சுற்றி அதன் இரண்டு கைகளையும் முடிச்சிடுகிறான். “அது எனக்கு வாங்கினதெல்லோ?” அவன் பைப்பைச் சற்றுத் திறந்துவிடுகிறான். பைப் சொட்டத் தொடங்குகிறது. போனில் அவள் கை விசிறி நிற்கிறது. “இறுக்கிக் கட்டாதேங்கோ, கை இழுபட்டிடும்.”